பீங்கான் பப்பாளி

ஞாயிற்றுக்கிழமை மாலையானால் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு நோயாளிகள் வந்துவிடுவார்கள். ஒருவர் கையில் இலை சுருண்ட மிளகாய்ச் செடி. இன்னொருவர் கையில் வெள்ளைப் பஞ்சு அப்பிய செம்பருத்திக் கிளை. வேறொருவர் அடிப்பக்கம் கறுத்து அழுகிய தக்காளிகளை முந்தானையில் முடிந்து கொண்டுவருவார். நான் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆகவே நான்தான் வைத்தியர். எல்லாருக்கும் 'சார்'.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்தச் சில வருடங்களில், விருத்தாசலத்தில் எங்கள் தெருவுக்கே செடிப் பைத்தியம் பிடித்திருந்தது. பீங்கான் சூளைகள் நிறைந்த, தொட்டிக்குப் பஞ்சமில்லாத ஊர். சூளையில் வேகும்போது கோடு விழுந்துவிட்ட வாஷ்பேசின், மூலை உடைந்த சிங்க், ஒரு பக்கம் கோணிப்போன கக்கூஸ் பேசின் எல்லாம் கேட்டால் தூக்கிக்கொண்டு போகச் சொல்வார்கள். பிறக்கும்போதே அடியில் ஓட்டையோடு பிறந்த தொட்டிகள் என்பதால் தண்ணீர் தேங்குவதே இல்லை. வெளியூரிலிருந்து வந்த எங்கள் சம்பந்தியம்மா, வரிசையாக நின்ற வெள்ளைக் கோப்பைகளில் முளைக்கீரை தளதளவென்று நிற்பதைப் பார்த்துவிட்டு, அன்றைக்குக் கீரைக் கூட்டைத் தொடவே இல்லை. புடலங்காய் வளையாமல் நேராக இறங்க நுனியில் கல் கட்டுவார்கள் அல்லவா? நாங்கள் பீங்கான் ஃபியூஸ் கட்டையைக் கட்டினோம். கயிறு கோக்க அதில் ஓட்டை தயாராக இருந்தது. காற்றடித்தால் தெருவே கிணுகிணுவென்று சத்தம் போடும்.

அந்த மாலைகளின் பரபரப்பை இப்போது நினைத்தாலும் உட்கார முடியவில்லை. ஒருநாள் ஒரு தக்காளியை அறுத்தால் உள்ளே விதைகளெல்லாம் முளைத்து, பச்சைப் புழுக்கள் போல நெளிந்துகொண்டிருந்தன. அறுத்த பெண்மணி அரிவாள்மணையை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார். இன்னொரு நாள் ஒரு வீட்டுக் கோழிக்கொண்டைப் பூ, தண்டு பட்டையாகி விசிறி போல விரிந்து முறத்தின் அகலத்துக்கு நின்றது. பூசணிப் பிஞ்சு ஏன் வெம்பி உதிர்கிறது, ஐந்து வருட எலுமிச்சை ஏன் பூவே காட்டவில்லை, ஒரே அந்திமந்தாரையில் பாதி மஞ்சளும் பாதி சிவப்பும் எப்படி என்று ஆளுக்கொரு கேள்வி. நான் விடை சொல்லச் சொல்ல அவர்கள் முகம் மலரும். முப்பது வருடம் வகுப்பில் கிடைக்காத கவனம் அது. எனக்கு அது கொஞ்சம் தலைக்கு ஏறித்தான் இருந்தது.

அடுத்த வீட்டில் ஒரு நர்ஸம்மா இருந்தார். அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. அவருடைய தம்பி பொம்மைச் சூளை ஒன்றில், களிமண் கரைசலை அச்சில் ஊற்றும் வேலை செய்தார். நாற்பது தாண்டியவர், குடும்பஸ்தர். ஞாயிறு தோறும் மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் டிவிஎஸ் ஐம்பதில் அக்கா வீட்டுக்கு மீனோ கறியோ வாங்கிக்கொண்டு வருவார். வந்த நிமிஷத்திலிருந்து இருவரும் சண்டை போடுவார்கள். போகும்போது அவர் "போயிட்டு வரேங்க்கா" என்பார், இவர் "வராட்டிதான் என்னா இப்போ" என்பார். அடுத்த ஞாயிறு தம்பி வரும் நேரத்துக்கு நர்ஸம்மா வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சேத்தியாத்தோப்புச் சந்தையில் வாங்கிய ஒரு பப்பாளிப் பழம் தேனாக இருந்ததென்று அதன் விதையை நர்ஸம்மா எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவிலிருந்த மதில் ஓரம் போட்டு வைத்திருந்தார். அது மளமளவென்று வளர்ந்து எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவரை எட்டிவிட்டது. பூவும் வந்தது. நீளமான காம்புகளில் சரம் சரமாக, கல்யாணப் பந்தல் தோரணம் போலத் தொங்கியது. காய் மட்டும் இல்லை.

ஒரு ஞாயிறு மாலை, மாடியில் எல்லாரும் இருக்கும்போது அவர் கேட்டார்.

"சார், இம்மாம் பூ பூக்குது. ஒண்ணுகூட நிக்க மாட்டேங்குதே, ஏன்?"

"அது ஆண் மரம்மா. வெட்டிப் போட்டுட்டு வேற வைங்க."

"காய்க்கவே காய்க்காதா?"

"சூரியன் மேற்கே உதிச்சாலும் காய்க்காது."

இதை நான் அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கக் கூடாது. ஆண் பப்பாளி சில சமயம், பருவம் குளிர்ந்து மாறும்போது, இருபால் பூக்களைப் பூத்துக் காய்ப்பதும் உண்டு என்று நான் நடத்திய பாடத்திலேயே ஒரு வரி வரும். பரீட்சைக்கு வராது என்று ஒவ்வொரு வருடமும் தாண்டிப் போன வரி. தாண்டித் தாண்டி எனக்கே அது இல்லாமல் போயிருந்தது.

நர்ஸம்மாவுக்கு மரத்தை வெட்ட மனம் வரவில்லை. தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அடிமரத்தில் இரும்பு ஆணி அடி என்றார் ஒருவர். பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிடு என்றார் இன்னொருவர். அவர் தம்பிதான் கடைசியில் சொன்னார், "இதெல்லாம் வேலைக்காவாது. மரத்த மெரட்டணும்."

காய்க்காத மரத்தை அரிவாளோடு மிரட்டுவது எங்கள் பக்கத்தில் உண்டு. ஒருவர் வெட்டுகிறவர் போல நிற்க வேண்டும். இன்னொருவர் மரத்துக்குப் பின்னால் மறைந்து நின்று மரத்துக்காகப் பதில் பேச வேண்டும். பேசிய பேச்சு மரத்தின் பேச்சு. அதற்கு மேல் மரமும் மாறக் கூடாது, மனிதரும் மாறக் கூடாது. அடுத்த ஞாயிறு, ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த நேரம், தெருவே நர்ஸம்மா வீட்டுக் கொல்லையில் கூடிவிட்டது. என் மாடியில் நானும் என் சுருண்ட மிளகாய்ச் செடிகளும்தான். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மேலிருந்து பார்த்தேன்.

தம்பி வேட்டியை மடித்துக் கட்டி அரிவாளை ஓங்கினார். "ஏய் பப்பாளி! வேளா வேளைக்குத் தண்ணி ஊத்தறோம், எருவு போடறோம். காய்க்கிறியா, இல்ல வெட்டிப் போட்டுடவா?"

மரத்துக்குப் பின்னாலிருந்து நர்ஸம்மா, குரலை மாற்றி, "ஐயய்யோ, வெட்டிடாதீங்க சாமி. காய்க்கிறேன்."

"எப்போ காய்ப்ப? தேதியச் சொல்லு! எங்க அக்கா மாதிரி, நாளைக்கு நாளைக்குன்னு இழுக்காத!"

கூட்டம் சிரித்தது. மரம் கோபித்துக்கொண்டு, "டேய், மரத்தக் கேளு, அக்காவ ஏன்டா இழுக்கற?" என்றது. பிறகு நிதானமாக, "தை மாசம் மாதா கோயில்ல கொடி ஏறுறதுக்குள்ள காய்க்கிறேன். மொதக் காய மாதாவுக்கே காணிக்கையா குடுக்கிறேன்."

"கொடி ஏறியும் காய்க்கலன்னா?"

"மறுநாளே வெட்டிக்க."

எல்லாரும் கை தட்டினார்கள். நர்ஸம்மா பின்னாலிருந்து வெளியே வந்தபோது அவர் முகம் பள்ளிக்கூட நாடகத்தில் நடித்துவிட்டு இறங்கும் பெண்ணின் முகம் போல ஜொலித்தது. அன்று மாலை ஒருவர்கூட என் மாடிக்கு வரவில்லை.

"பொறாமையா இருக்குதா?" என்று என் மனைவி கேட்டாள்.

"மூடநம்பிக்கைக்குப் பொறாமைப்படுவாங்களா?" என்றேன்.

பொறாமைதான். வேறு பெயர் வைத்துப் பார்த்துவிட்டேன், எதுவும் பொருந்தவில்லை.

ஜங்ஷன் ரோட்டில் நடைப்பயிற்சிக்குப் போகும் வழியில் ஒரு பொம்மைக் கடை உண்டு. கொலுவுக்காகச் செய்த பழக்கடைச் செட்டில் விற்காமல் நின்றவற்றை ஓரமாகக் குவித்திருந்தார்கள். அதில் ஒரு பப்பாளிக் காய். கைக்கு அடக்கமாக, கரும்பச்சை கிளேஸில், காம்புப் பக்கம் ஒரு துளையோடு. எடுத்துப் பார்த்தபோதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாங்கி ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு ஞாயிறு காலை நர்ஸம்மா பூசைக்குப் போயிருந்த நேரத்தில், மாடியிலிருந்து எட்டி, பச்சை ஒயரால் பூச்சரங்களுக்கு நடுவே அதைக் கட்டினேன். அன்று மாலை எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டி, 'மிரட்டினால் இப்படித்தான் காய்க்கும்' என்று சொல்லிச் சிரித்துவிட்டு அவிழ்த்துவிடுவது என் திட்டம். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு நாளும் நான் நினைக்கவில்லை.

மாலை வரை அவர் காத்திருக்கவில்லை. பூசை முடிந்து வந்து, சேலையைக்கூட மாற்றாமல், கொல்லையில் தண்ணீர் ஊற்றப் போனவர் குடத்தைப் போட்ட சத்தம் எங்கள் சமையலறை வரை கேட்டது.

"சார்! சார்! ஓடியாங்க! காய்ச்சிட்டுது!"

நான் போவதற்குள் பாதித் தெரு வந்துவிட்டது. நர்ஸம்மா நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டே மரத்தடியில் நின்று அழுதுகொண்டிருந்தார். சிரித்துக்கொண்டுமிருந்தார். "பேச்சக் காப்பாத்திட்டுது பாருங்க! மாதாவே! நான் பேசனதக் கேட்டுக்கிட்டுதான் இருந்திருக்குது!" ஒருவர் கண்ணை இடுக்கிக்கொண்டு மேலே பார்த்து, "நல்ல கறுப்பான காயி" என்றார். ஒரு பெண், "ஆம்பள மரம் பெத்துப் போட்டுட்டுதே, எங்க வூட்டுக்காரரையும் அரிவா எடுத்துக்கிட்டு மெரட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டார். அந்தச் சிரிப்பில் நர்ஸம்மா உள்ளே போய்க் கேசரி கிளற ரவை எடுத்து வைத்துவிட்டார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். சிரிப்போடு சிரிப்பாகப் போயிருக்கும். ஆனால் அவர் கையில் கேசரித் தட்டோடு என்னிடம்தான் முதலில் வந்தார்.

"சூரியன் மேற்கே உதிச்சுட்டுது சார். எடுத்துக்கோங்க."

எடுத்துக்கொண்டேன். மாடியிலிருந்து பக்கத்தில் பார்க்கிறோம் என்று எல்லாரும் படியேற வந்தார்கள். "வேணாம், வேணாம். பிஞ்சு. கண்ணு பட்டுடும்" என்று தடுத்தேன். செருப்புக் கட்டுவதையும் ஆணி அடிப்பதையும் கேலி செய்த அதே வாய். ராத்திரி அவிழ்த்துவிடலாம் என்று நினைத்தேன். அவிழ்த்தால் காயைத் திருடிவிட்டார்கள் என்று அவர் துடிப்பார். நாள் தள்ளிப் போயிற்று. அவர் மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டார். திருவிழாக் காணிக்கை ஏலத்தில் அந்தக் காயை முதலில் ஏலம் விடுவதென்று பேச்சாகிவிட்டது.

தம்பிக்கு அந்த ஞாயிறு சூளையில் வேலை நெருக்கடி. அடுத்த ஞாயிறுதான் வந்தார். தெருவே அவரைச் சூழ்ந்துகொண்டு கொல்லைக்கு அழைத்துப் போயிற்று, மிரட்டியவர் அவர்தானே என்று. அவர் இடுப்பில் கை வைத்து அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் மாறியது. குனிந்து ஒரு சிறு கல்லை எடுத்து எறிந்தார்.

'டிங்' என்றது காய்.

கூட்டம் வெடித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தோளைத் தட்டிக்கொண்டார்கள். "பீங்கான் காயி! மாதாவுக்குப் பீங்கான் காயி!" என்று ஒருவர் தெரு வரை ஓடிச் சொன்னார். நர்ஸம்மா மட்டும் தம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீதானாடா?"

"இல்லக்கா. சத்தியமா நான் இல்ல."

"இந்தத் தெருவுக்கு வந்து போறவங்கள்ல பீங்கான் வேல வேற யாருக்குடா தெரியும்? என்னை நாலு பேரு சிரிக்கணும்னு உனக்கு எவ்ளோ நாளா ஆச?"

"நான் கட்டியிருந்தா நானே கல்லெடுத்து அடிப்பனா? யோசிச்சுப் பாருக்கா."

அது நியாயமான கேள்வி. கூட்டம் ஒரு கணம் யோசித்தது. அப்போது நான் பேசினேன். வைத்தியர் அல்லவா, ஏதாவது சொல்ல வேண்டும். அதற்குள் யாரோ எங்கள் மாடிக்கு ஏறி அவிழ்த்து வந்திருந்த காயைக் கையில் உருட்டிப் பார்த்து, "வேலைப்பாடு சுத்தமா இருக்குது. கை தேர்ந்த ஆளு செஞ்சது" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். எல்லார் கண்ணும் தம்பியின் பக்கம் திரும்பியது. நான் எதைச் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். கட்டியது விளையாட்டு. அந்த வாக்கியம் விளையாட்டு இல்லை.

"இனிமே என் வூட்டு வாசப்படி மிதிக்காத" என்றார் நர்ஸம்மா. தம்பி வாங்கிவந்த மீன் பையைக் கொல்லைச் சுவரில் மாட்டிவிட்டு வண்டியை எடுத்தார். 'போயிட்டு வரேன்' என்று சொல்லவில்லை.

பிறகு வந்த ஞாயிறுகளில் அந்த டிவிஎஸ் ஐம்பதின் சத்தம் கேட்கவில்லை. நர்ஸம்மா வாசலில் நிற்பதில்லை. மரத்தை அப்போதே வெட்டிவிடச் சிலர் சொன்னார்கள். "கொடி ஏற வரைக்கும் டைம் குடுத்தாச்சு. மரம் பேசன பேச்சு. அது வரைக்கும் நிக்கட்டும்" என்றார் நர்ஸம்மா. ஆனால் அதை நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டார். நாங்களும் விட்டுவிட்டோம். அதைப் பார்த்தால் சிரிப்பவர்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கு வேறொன்று வரும். மார்கழி முழுக்க அந்த மரம் யாரும் பார்க்காமல் நின்றது.

தை பிறந்து, மாதா கோயிலில் கொடி ஏறும் நாள். காலையில் மாடியில் புடலைக்குக் கட்டிய ஃபியூஸ் கட்டை ஒன்று அறுந்து மதில் பக்கம் விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் பப்பாளியின் கொண்டைக்குள் பார்த்தேன். ஒரு பூச்சரத்தின் நுனியில், நீளக் காம்பில், முட்டையைவிடப் பெரியதாக ஒன்று தொங்கியது. முதலில் நான் செய்த காரியம் ஒயர் இருக்கிறதா என்று பார்த்ததுதான். என்னைப் போல இன்னொருவன் இருக்கக் கூடாதா? ஒயர் இல்லை. கட்டைவிரல் நகத்தால் மெல்லக் கீறினேன். வெள்ளைப் பால் பொட்டாக நின்று, வழிந்து, என் விரலில் ஒட்டியது.

பால்! நான் அந்த மாடியில் குதித்தேன். அறுபது தாண்டியவன், வேட்டி தடுக்கக் குதித்தேன். அடுத்த சரத்தில் இன்னொன்று, அதற்கும் பின்னால் இலைக் காம்புக்குள் ஒளிந்து மூன்றாவது. தாண்டித் தாண்டிப் போன அந்த ஒற்றை வரி என் மூக்குக்கு முன்னால் காய்த்துத் தொங்குகிறது! கண்ணாடி எடுத்து வந்தேன். ஆண் பூக்களுக்கு நடுவே, கொஞ்சம் தடித்த, நடுவில் சூலகம் புடைத்த பூக்கள் அங்கங்கே. குளிர் மாதத்தில் மரம் மனம் மாறியிருக்கிறது. படி இறங்கி ஓடி மனைவியிடம் சொன்னேன்.

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? மொதல்ல அந்த அக்காகிட்ட போயிச் சொல்லுங்க. நாளைக்குக் காலையில வெட்ட ஆளு சொல்லி வெச்சிருக்காங்க."

வாசல் வரை போனேன். திரும்பி வந்தேன். போய் என்ன சொல்வது? 'காய்த்திருக்கிறது' என்றால், 'இதை யார் கட்டினது' என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் போக எனக்குப் பயம். பகல் முழுக்க மாடிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். மாதா கோயில் பக்கம் வேட்டுச் சத்தம் கேட்டது, கொடி ஏறிவிட்டது. அவர் கோயிலிலிருந்து திரும்பி வரும்போது மதில் ஓரம் நின்று சொன்னேன்.

"நர்ஸம்மா, மரம் காய்ச்சிருக்குது. நெஜமாவே. மாடிக்கு வந்து பாருங்க."

அவர் நின்றார். மேலே பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நீங்களுமா சார்? நீங்க படிச்சவரு, இதெல்லாம் செய்ய மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"இல்லம்மா, பால் வடியுது, நானே கீறிப் பாத்தேன்…"

"ஒருக்கா சிரிச்சது போதும். இன்னொருக்கா அண்ணாந்து பாக்க எனக்குக் கழுத்துல தெம்பு இல்ல. நாளைக்கு வெட்டிட்டா எல்லாருக்கும் நிம்மதி." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

முதலில் கட்டியது நான், இதை நான் கட்டவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அவர் நம்புவார். பொய்க் காயைக் கட்டியவன் வாயால்தான் நிஜக் காயை நம்ப வைக்க முடியும். அது எனக்கு அப்போதே விளங்கியது. விளங்கியும் கதவைத் தட்டவில்லை.

விடிந்ததும் சூளைக்குப் போனேன். தம்பியை அழைத்து வந்தால், அவர் ஒரு கல்லை எறிந்து காட்டினால், சத்தம் வராது, நர்ஸம்மா நம்புவார், நான் எதையும் சொல்லாமலே முடிந்துவிடும் என்று ஒரு கணக்கு. தம்பி கையெல்லாம் களிமண்ணோடு வெளியே வந்தார்.

"உங்க அக்கா மரம் காய்ச்சிருக்குது. இப்ப வெட்டப் போறாங்க. வாங்க."

"இந்த வாட்டி யாரு கட்டனது சார்?" என்று கேட்டுவிட்டு அவர் உள்ளே திரும்பினார்.

அந்த முதுகைப் பார்த்ததும்தான் எனக்கு வாய் வந்தது. "போன வாட்டி கட்டினது நான்தான்" என்றேன்.

அவர் திரும்பினார். களிமண் கையை லுங்கியில் துடைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏன் சார், உங்களுக்கு வேற வேலையே இல்லியா? பென்ஷன் வாங்கறீங்க, பேப்பரு படிக்கிறீங்க, செவனேன்னு இருக்கக் கூடாதா? கை தேர்ந்த ஆளுன்னு சொன்னீங்களே, அதுவும் வெளையாட்டுதானா?" குரல் உடைந்தது. "கிறிஸ்மஸுக்குக்கூட எங்க அக்கா வூட்டுக்கு நான் போவல சார்."

"சொல்லிடறேன். உங்க அக்காகிட்ட நானே சொல்லிடறேன்."

"ஏறுங்க வண்டியில!"

அந்த டிவிஎஸ் ஐம்பது அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. பள்ளம் மேடு எதையும் பார்க்கவில்லை அவர். நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கரும்பு லாரி ஒன்று குறுக்கே வர, "சார், வுழுந்துடாதீங்க, நீங்க உசுரோட வேணும் எனக்கு" என்று கத்தினார். பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரயில்வே கேட்டு மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து போயிற்று. ஒவ்வொரு பெட்டிக்கும் நான் பல்லைக் கடித்தேன். கேட்டு திறந்து, தெரு முனை திரும்பும்போதே பார்த்தேன். எங்கள் மாடிக்கு மேல் இருக்க வேண்டிய பச்சைக் கொண்டை இல்லை.

மரம் கொல்லையில் குறுக்கே கிடந்தது. பப்பாளியை வெட்ட நேரமா ஆகும்? நாலு வெட்டு. அடித்தண்டிலிருந்து பால் வழிந்து மண்ணில் வெள்ளையாகப் பரவிக்கொண்டிருந்தது. வெட்டியவர் அரிவாளைத் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பி வாசப்படியைத் தாண்டி ஓடி, இலைகளை விலக்கி, கொண்டைக்குள் கையை விட்டார். காம்போடு மூன்று காய்களை எடுத்தார். ஒன்றை விரல் முட்டியால் தட்டினார். சத்தமில்லை. நகத்தால் கீறி, வழிந்த பாலோடு அக்காவின் முன் நீட்டினார்.

நர்ஸம்மா அதை வாங்கிக்கொண்டார். இரு கையிலும் வைத்துப் பார்த்தார். பிரசவ வார்டில் அப்படித்தான் வாங்கிப் பழகியிருப்பார்.

நான் சொன்னேன். வெட்டியவரும் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்த இரண்டு மூன்று தலைகளும் கேட்கச் சொன்னேன். "அன்னைக்குப் பீங்கான் காயைக் கட்டினது நான். உங்க தம்பி இல்ல. தெரிஞ்சுதான் அவர் மேல பழி விழ விட்டேன். நேத்துக் காலையிலயே காயைப் பாத்தேன். மொதல்ல கட்டினது நான்னு சொல்லப் பயந்து, முழுசா சொல்லல."

அவர் என்னைத் திட்டவில்லை. காயையே பார்த்துக்கொண்டு, "கொடி ஏறுறதுக்குள்ள காய்ச்சுட்டுது சார். மரம் சொன்ன சொல்லு தவறல" என்றார். பிறகு தம்பியிடம், "காலையில சாப்பிட்டியாடா?" என்று கேட்டார். "எங்க சாப்புட வுட்டாரு உங்க சாரு" என்றார் அவர். இருவரும் உள்ளே போனார்கள். சமையலறையில் சண்டை தொடங்கிவிட்டது. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று அந்தச் சண்டையை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மாதா கோயில் திருவிழாத் தேரன்று அந்தக் காய்கள்தான் முதலில் ஏலத்துக்கு வந்தன. எங்கள் தெரு மொத்தமும் போயிருந்தது. ஏலம் விட்டவர், "ஆம்பள மரத்துல காய்ச்ச காயி!" என்று கூவ, கருவேப்பிலங்குறிச்சிக்காரர் ஒருவரும் தம்பியும் போட்டி போட்டுக் கேட்டார்கள். கூட்டம் விசில் அடித்தது. கடைசியில் தம்பிதான் எடுத்தார். "டேய், நம்ம கொல்லைக் காயிக்கு நம்ம காசாடா?" என்று நர்ஸம்மா அங்கேயே அவர் முதுகில் ஒரு அடி வைத்தார்.

அதன் பிறகும் பல வருடம் அடுத்தடுத்த வீட்டில்தான் இருந்தோம். கிறிஸ்மஸ் கேக் வரும், பொங்கலுக்கு நாங்கள் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். எனக்குக் காய்ச்சல் என்றால் அவர்தான் வந்து பார்ப்பார். ஞாயிறு மாடிக் கூட்டத்துக்கும் வந்தார். ஆனால் செடியைப் பற்றி என்னிடம் ஒரு கேள்விகூட அவர் பிறகு கேட்டதில்லை. இலை மஞ்சளானால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார், நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே. அவர்கள் தப்பாகச் சொன்னாலும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். எனக்கு விடை தெரியும். நான் வாயைத் திறந்ததில்லை.

வெட்டிய அடித்தண்டு அந்த மாசியிலேயே பக்கத்தில் துளிர்த்தது. இரண்டு கிளையாகப் பிரிந்து மறுபடி எங்கள் மாடிக்கு வந்தது. மறுபடி சரம் சரமாகப் பூ. ஐப்பசி கடந்தால் நான் தினமும் காலையில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஒவ்வொரு சரமாகத் தேடுவேன். பிஞ்சு எதுவும் தென்பட்டால் தொட மாட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்து, "நர்ஸம்மா, வந்திருக்குது" என்று மட்டும் சொல்வேன்.

அவர் உடனே வர மாட்டார். கைவேலையை முடித்துக்கொண்டு, நிதானமாகக் கொல்லைக்கு வந்து, ஒரு சிறு கல்லை எடுத்து மேலே எறிவார். காது கொடுத்துக் கேட்பார். சத்தம் வராது. பிறகுதான் நிமிர்ந்து பார்ப்பார்.